நூலகத்து வியாழக்கிழமை வகுப்பும் நான் கட்டிய 1,650 டாலரும்

2022 மார்ச்சில் கணவருடைய வேலை விசாவில் சிட்னிக்கு வந்தோம். மகனுக்கு அப்போது இரண்டு வயது. பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் தமிழ்வழி, அதற்குப் பிறகு பி.காம். ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்தால் புரியும், நானும் பிழையில்லாமல் எழுதுவேன். பேச வாயைத் திறந்தால் மட்டும் ஒன்றும் வராது. கணவர் அலுவலகம் போனபின் வீட்டில் நானும் குழந்தையும்தான். ஊரில் கடைக்காரர், ஆட்டோக்காரர், பக்கத்து வீட்டு அத்தை என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தவள், இங்கே சில நாட்களில் மாலை ஆறு மணி வரை ஒரு பெரியவரிடம்கூட ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறேன். அந்த முதல் வருடத்தில் நான் பட்டதையும், தேவையில்லாமல் செலவழித்ததையும் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். இப்போது வந்து இறங்குகிறவர்கள் யாராவது படித்தால் அந்தப் பணமும் மாதங்களும் அவர்களுக்காவது மிஞ்சும்.

வந்த மூன்றாம் மாதம் மகனுக்குக் காய்ச்சல். கணவரால் வர முடியவில்லை, நானே தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் 'யூ டோன்ட் ஹேவ் எ மெடிகேர் கார்டு?' என்று கேட்டார். 'யெஸ்' என்றேன். சரி, காட்டுங்கள் என்று கையை நீட்டினார். என்னிடம் கார்டு இல்லை, எங்கள் விசாவுக்கு மெடிகேர் என்ற அரசாங்க மருத்துவக் காப்பீடு கிடையாது. அதைத்தானே சொன்னேன், பிறகு ஏன் கேட்கிறார் என்று எனக்குக் குழப்பம். இருக்கிறது என்கிறாள், ஆனால் காட்ட மாட்டேன் என்கிறாள் என்று அவருக்குக் குழப்பம். பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். உள்ளே போனால் நர்ஸ், 'ஹீ இஸ் நாட் அலர்ஜிக் டு எனிதிங்?' என்று கேட்டார். அதற்கும் 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டினேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, எதற்கு அலர்ஜி, எந்த மருந்து, எப்போது வந்தது என்று அடுத்தடுத்துக் கேட்க ஆரம்பித்தார். பதில் சொல்லத் தெரியாமல் அழுதுவிட்டேன். கடைசியில் கணவரை போனில் பிடித்து அவர் விளக்கிய பிறகுதான் வைத்தியம் நடந்தது. வீட்டுக்கு வந்தபிறகு, குழந்தைக்கு ஏதாவது தவறான மருந்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பிலேயே அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

அன்று நடந்தது என்ன என்று எனக்குப் புரிய எட்டு மாதம் ஆனது. தமிழில் 'கார்டு இல்லையா?' என்று கேட்டால் 'ஆமா, இல்லை' என்போம். நீங்கள் சொல்வது சரிதான் என்பதற்கு அந்த 'ஆமா'. ஆங்கிலத்தில் கேள்வி எப்படித் திரும்பி வந்தாலும், இல்லை என்றால் 'நோ', இருக்கிறது என்றால் 'யெஸ்'. கேட்டவர் சொன்னதை அங்கே பார்க்கக் கூடாது, நம்மிடம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். வெறும் 'யெஸ்' அல்லது 'நோ' என்று நிறுத்தாமல் 'நோ, ஐ டோன்ட் ஹேவ் எ கார்டு', 'நோ, ஹீ ஹேஸ் நோ அலர்ஜீஸ்' என்று முழு வாக்கியமாகச் சொல்லிவிடுவது இன்னும் பத்திரம். மருத்துவமனையிலும் வங்கியிலும் இந்த ஒரு பழக்கம் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. இன்னொன்று, 131 450 என்ற எண்ணில் அரசாங்கத்தின் மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது, தமிழும் கிடைக்கும், இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும். தமிழ் வேண்டும் என்று கேட்டால் உங்களையும், நீங்கள் பேச வேண்டியவரையும், மொழிபெயர்ப்பாளரையும் ஒரே அழைப்பில் இணைப்பார்கள். மெடிகேர் உள்ளவர்கள் தனியார் மருத்துவரிடம் போகும்போது இது பெரும்பாலும் கட்டணமில்லாமல் கிடைக்கும். மற்றவர்கள் செலவு யாருடையது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அன்று எனக்கு அந்த எண் தெரியாது.

கிளினிக் சம்பவத்துக்குப் பிறகு ஏதாவது வகுப்பில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று தேடினேன். குடியேறுபவர்களுக்கு அரசாங்கம் 1948-லிருந்து நடத்திவரும் 'அடல்ட் மைக்ரன்ட் இங்கிலீஷ் புரோகிராம்' பற்றித் தெரியவந்தது. ஏ.எம்.இ.பி. என்பார்கள். முன்பு ஒருவருக்கு 510 மணி நேரம்தான் என்று வரம்பு இருந்தது, 2021 ஏப்ரலில் அதையும் எடுத்துவிட்டார்கள். வகுப்பு நேரத்தில் பள்ளி வயதுக்குக் குறைந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் இலவச ஏற்பாடு உண்டு. படிக்கப் படிக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். விசாரித்தால், பி.ஆர். எனப்படும் நிரந்தர விசா பெற்றவர்களுக்கும் குறிப்பிட்ட சில தற்காலிக விசாக்காரர்களுக்கும்தான், 482 என்ற எங்கள் வேலை விசா அந்தப் பட்டியலில் இல்லை என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது போல இருந்தது. அங்கேதான் நான் பெரிய தவறு செய்தேன். இந்த நாட்டில் இலவசம் என்று எழுதியிருப்பது எதுவுமே பி.ஆர். வாங்கியவர்களுக்குத்தான், நமக்கில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். ஒரு திட்டத்தின் விதியை ஊர் முழுக்கப் பொதுவாக்கிக்கொண்டேன்.

அடுத்து ஒரு தனியார் பயிற்சி நிலையம். 'ஸ்போக்கன் இங்கிலீஷ், பன்னிரண்டு வாரம், பேச்சுப் பயிற்சிக்கு உத்தரவாதம்' என்று விளம்பரம். 1,650 டாலரை மொத்தமாக முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். ஒற்றைச் சம்பளத்தில் வாடகை போக எங்களிடம் மிஞ்சியதில் அது மூன்று மாதச் சேமிப்பு. கணவர் யோசிக்கவேயில்லை, 'கட்டிடலாம், நீ இப்படி இருக்கிறதைப் பாக்க முடியலை' என்றார். ஆகஸ்டில் சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, அது தேர்வுப் பயிற்சி வகுப்பு. முப்பது பேர், ஆளுக்கொரு கணினி, காதில் ஹெட்போன். ஒரு படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்த வாக்கியங்களை மைக்கில் ஒப்பிக்க வேண்டும், கணினி மதிப்பெண் போடும். பன்னிரண்டு வாரத்தில் நான் இன்னொரு மனிதரிடம் ஆங்கிலத்தில் பேசிய நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறாது. மூன்றாவது வாரம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நான் கையெழுத்துப் போட்ட தாளின் பின்பக்கத்தில் 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று இருந்ததைக் காட்டினார்கள். அதற்குமேல் கேட்காமல் விட்டுவிட்டேன். அது சரியில்லை என்று பிறகுதான் தெரிந்தது. சொன்ன சேவை ஒன்று, கொடுத்தது வேறு என்றால் நுகர்வோர் சட்டத்தில் நமக்கு வழி இருக்கிறது, அந்தத் தாளில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், நுகர்வோர் புகார்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் டிரேடிங்கில் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணமில்லை. எனக்கு அப்போது புகார் எழுதும் தைரியமும் இல்லை.

பணம் கட்டித்தான் சேர வேண்டும் என்ற நிலை வந்தால், சேரும் முன் ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு மாணவரும் எத்தனை நிமிடம் வாயைத் திறக்கிறார் என்று கடிகாரத்தைப் பாருங்கள், அதுவே எல்லாவற்றையும் சொல்லிவிடும். உட்கார விடமாட்டோம் என்றால் அங்கே சேராதீர்கள். மொத்தமாகக் கட்டாமல் மாதா மாதம் கட்டக் கேளுங்கள்.

இந்த மாதங்களில் எல்லாம் நான் வாரம் ஒருமுறை மகனை எங்கள் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) நூலகத்துக்கு அழைத்துக்கொண்டு போவேன். குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம் இருக்கும், பாட்டு இருக்கும், அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது: ஆங்கில உரையாடல் வகுப்பு, வியாழன் காலை 10 மணி, அனைவரும் வரலாம், இலவசம். ஏழு மாதமாக அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். படித்தும் இருக்கிறேன். 'அனைவரும்' என்றால் நம்மைச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டேன். 2023 பிப்ரவரியில் ஒருநாள், புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது, கவுண்டரில் இருந்தவரிடம் முதல்நாளே மனதுக்குள் தயாரித்து வைத்த வாக்கியத்தைச் சொன்னேன்: என் விசா 482, நான் அந்த வகுப்புக்கு வரலாமா? அவருக்கு நான் ஏன் விசாவைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை. இரண்டாவது முறை சொன்னதும், 'ஜஸ்ட் கம் அலாங் ஆன் தர்ஸ்டே' என்று சிரித்தார். பெயர், தொலைபேசி எண், எந்த மொழி பேசுவீர்கள் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதச் சொன்னார். அவ்வளவுதான். வெளியே வந்து பிராமுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம், எனக்கோ 1,650 டாலரும், கணவர் அதைச் சேர்க்கப் பட்ட பாடும்தான் நினைவுக்கு வந்தது.

இங்கே நூலகங்களைப் பெரும்பாலும் உள்ளூர் கவுன்சில்தான் நடத்துகிறது. நியூ சவுத் வேல்ஸில் 1939-ஆம் வருட நூலகச் சட்டப்படி, இருக்கும் பகுதி மக்களுக்கு உறுப்பினர் அட்டை இலவசம். அடையாளமும் முகவரிக்கு ஏதாவது ஓர் ஆதாரமும் போதும், வங்கிக் கடிதமோ வாடகை ஒப்பந்தமோ. உரையாடல் வகுப்பை ஒவ்வொரு நூலகமும் தானாக ஏற்பாடு செய்வதால் நாள், நேரம், விதி எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் முன்பதிவு வேண்டும், சில இடங்களில் நேராகப் போய் உட்காரலாம். பக்கத்துக் கவுன்சில் நூலகத்துக்கும் போகத் தடையில்லை என்பதால், நான் சில மாதம் செவ்வாய் ஒன்று, வியாழன் ஒன்று என்று இரண்டு இடங்களுக்குப் போனேன். குழந்தையை அழைத்து வரலாமா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் நூலகத்தில் முடியாது. கணவர் வியாழக்கிழமைகளில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கினார், அதனால்தான் என்னால் போக முடிந்தது.

முதல் நாள் உள்ளே போனதும் ஒரு தமிழ் முகம் தெரிந்தது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், யாழ்ப்பாணத்து அக்கா. அவரைப் பார்த்ததும் எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. மற்ற நாட்டுக்காரர்கள் முன்னால் தப்பாகப் பேசுவது ஒரு மாதிரி, நம் மொழிக்காரர் முன்னால் தப்பாகப் பேசுவது வேறு மாதிரி. பி.காம். படித்துவிட்டு இப்படியா பேசுகிறாள் என்று நினைப்பாரோ என்று தள்ளிப்போய் உட்கார்ந்தேன். இடைவேளையில் அவரே வந்தார். 'பிள்ளை, ஏன் வெக்கப்படுறீர்? இஞ்ச எல்லாரும் பிழை பிழையாத்தான் கதைக்கிறம்' என்றார். பிறகு அவரே இன்னொன்றும் சொன்னார், 'என்னோட ஒரே மேசையில இருக்காதையும், இருந்தா நாங்க ரெண்டு பேரும் தமிழ்தான் கதைப்பம்.' அன்றிலிருந்து எங்களுக்குள் அதுதான் ஒப்பந்தம். வகுப்பு முடிகிறவரை தனித்தனி மேசை, முடிந்தபின் பஸ் நிறுத்தம் வரை தமிழ்.

வகுப்பை நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள். எங்கள் மேசைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். அவர் இலக்கணம் சொல்லித்தரவில்லை. ஒரு பேச்சைத் தொடங்கிவிட்டு, யார் அமைதியாக இருக்கிறார்களோ அவர்கள் பக்கம் திரும்பி நிதானமாகக் காத்திருப்பார். அவர் காத்திருந்ததுதான் எனக்குப் பெரிய உதவி. வீட்டிலோ கடையிலோ யாரும் நமக்காக இருபது வினாடி காத்திருப்பதில்லை. முதல் இரண்டு வாரம் என்னால் மூன்று வாக்கியத்துக்கு மேல் பேச முடியவில்லை. பக்கத்தில் இருந்த கொரியப் பெண் பேசுவதும் புரியவில்லை, நான் பேசுவது அவருக்கும் புரியவில்லை. ஐந்தாவது வாரம் வாக்கில் காது பழகியது. சிட்னியில் வங்கியில், மருந்துக் கடையில், பேருந்தில் எதிரே வரும் ஆங்கிலம் பலநாட்டு ஆங்கிலம்தான். அதற்குக் காதைப் பழக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் அந்த அம்மையார் என்னிடம் தனியாக, ரொம்பத் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். நான் 'கிவ் மீ த பென்', 'டெல் மீ த டைம்' என்றே கேட்கிறேனாம். அவருக்கு என்னைத் தெரியும் என்பதால் பரவாயில்லை, வெளியாட்களுக்கு அது அதட்டுவது போலக் கேட்கும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் யாரையும் அதட்டும் ஆளே இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. நாம் 'பேனா கொடுங்க' என்கிறோம். மரியாதை முழுவதும் அந்த 'ங்க'வில் இருக்கிறது. அதை ஆங்கிலமாக்கும்போது 'கொடு' மட்டும் போய்ச் சேருகிறது, 'ங்க' இங்கேயே நின்றுவிடுகிறது. அதனால் 'குட் ஐ' (could I), 'குட் யூ' (could you) என்று தொடங்கிக் கேட்கப் பழகினேன். அதுவரை கடைகளில் சிலர் ஏன் என்னிடம் முகம் சுளித்தார்கள் என்பதற்கு அன்று பதில் கிடைத்தது. நிறத்தைப் பார்த்துத்தான் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று எல்லாரையும் நினைத்திருந்தேன். சிலர் அப்படியும் இருந்திருப்பார்கள். ஆனால் எல்லாரும் இல்லை.

புத்தகத்தில் இல்லாத சொற்களும் அங்கேதான் கிடைத்தன. 'ஆர்வோ' என்றால் பிற்பகல், 'சர்வோ' என்றால் பெட்ரோல் பங்க். 'பிரிங் எ பிளேட்' என்று விருந்துக்கு அழைத்தால் சாப்பாட்டோடு தட்டைக் கொண்டுவரச் சொல்கிறார்கள், வெறும் தட்டை இல்லை. மகனின் பாலர் பள்ளியிலிருந்து அதே வாசகத்தோடு அழைப்பு வந்தது அடுத்த மாதமே.

இன்னொரு நாள் பேச்சு, வாசலில் வந்து விற்கிறவர்களைப் பற்றி. அதற்குமுன் நவம்பரில் ஒருவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி மின்சாரக் கட்டணத்தைக் குறைத்துத் தருவதாக ஏதோ சொன்னார். பாதி புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு 'யெஸ், ஓகே' என்று சொல்லிக்கொண்டே வந்ததில் நிறுவனமே மாறிவிட்டது. அடுத்த பில்லில் 140 டாலர் கூடுதல். அதை வகுப்பில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அப்படிக் கதவைத் தட்டியோ போனிலோ விற்றால் 10 வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்ய நமக்கு உரிமை உண்டு என்று அங்கே சொன்னார்கள். அப்புறம் இரண்டு வாக்கியங்களை எல்லாரும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகினோம்: 'சாரி, குட் யூ சே தட் அகெய்ன், மோர் ஸ்லோலி?', 'ப்ளீஸ் சென்ட் இட் டு மீ இன் ரைட்டிங்.' இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டால் ஏமாற்ற வந்தவர் பெரும்பாலும் நடையைக் கட்டிவிடுவார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சில வாரம் இருபது பேருக்கு மேல் வந்துவிடுவார்கள், தன்னார்வலர் ஒருவர்தான் இருப்பார். ஒன்றரை மணி நேரத்தில் நம் முறை மூன்று நிமிடம் வந்தால் பெரிது. கலகலப்பான ஒருவர் எல்லா நேரத்தையும் எடுத்துக்கொள்வதும் உண்டு. பத்து நிமிடம் முன்னால் போய்ச் சின்ன மேசையாகப் பார்த்து உட்காருங்கள். அந்த வாரம் நடந்த ஒரு விஷயத்தை நான்கு வாக்கியமாக மனதில் தயாரித்துக்கொண்டு போங்கள், முறை வந்ததும் தடுமாற வேண்டாம். தப்பாகப் பேசினால் நிறுத்தித் திருத்துங்கள் என்று நீங்களாகவே கேளுங்கள், மனம் புண்படுமோ என்று அவர்கள் தாமாகத் திருத்த மாட்டார்கள். நோட்டில் எழுதிக்கொண்டே இருக்காதீர்கள். நான் முதல் மாதம் பக்கம் பக்கமாக எழுதினேன், பேசாமல் இருக்க அது ஒரு சாக்கு. சான்றிதழ் தர மாட்டார்கள், விசாவுக்கோ வேலைக்கோ காட்ட முடியாது. ஐ.இ.எல்.டி.எஸ்., பி.டி.இ. போன்ற ஆங்கிலத் தேர்வுகள் எழுத வேண்டியவர்கள் அதற்குத் தனியாகப் படிக்கத்தான் வேண்டும். சில நூலகங்களில் அட்டை எண்ணைப் போட்டால் அந்தப் பயிற்சியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பணம் கட்டும் முன் அதையும் கேட்டுவிடுங்கள்.

2024-இல் எங்களுக்கு பி.ஆர். வந்தது. இந்த முறை தாமதிக்காமல் அடுத்த வாரமே ஏ.எம்.இ.பி.யில் பெயர் கொடுத்தேன். பெரியவர்கள் ஆறு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று காலவரம்பு இருக்கிறது, வீடு மாறி முடியட்டும், பிள்ளை பள்ளிக்குப் போகட்டும் என்று தள்ளிப்போட்டால் கைவிட்டுப் போகும். எழுத்தும் இலக்கணமும் முறையாக அங்கே கற்றுக்கொண்டேன். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் போன்றவை தமிழில் இருந்தால், நிரந்தர விசா கிடைத்த இரண்டு வருடத்துக்குள் பத்து ஆவணங்கள் வரை அரசாங்கமே இலவசமாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தரும். இதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நூலக வகுப்பில் பக்கத்தில் இருந்த நேபாளப் பெண் சொல்லித்தான் தெரியும்.

நூலக வகுப்பை நான் விடவில்லை. ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், பெரும்பாலான இடங்களில் இது பள்ளிப் பருவத்தை ஒட்டித்தான் நடக்கும். டிசம்பர் பாதியில் நின்றால் பிப்ரவரியில்தான் மறுபடி தொடங்கும். முதல் வருடக் கோடையில் அந்த இடைவெளியில் பேசியது எல்லாம் மறந்து, பிப்ரவரியில் மறுபடி வாய் ஒட்டிக்கொண்டது. அதனால் போன டிசம்பரில் எங்கள் மேசையில் இருந்த நான்கு பேர், நான், அந்தக் கொரியப் பெண், நேபாளப் பெண், லெபனானைச் சேர்ந்த ஓர் அம்மா, வியாழன் காலை பத்து மணிக்கு நூலகத்துக்கு எதிரே இருக்கும் பூங்காவில் நடக்கலாம் என்று பேசி வைத்தோம். எங்கள் நான்கு பேருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம் ஒன்றுதான். கோடை முழுக்க ஒரு வியாழன்கூட விடவில்லை.